பைலகுப்பையிலிருந்து மூர்த்திக்கு

அன்புள்ள மூர்த்தி,

நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று பாண்டியண்ணன் சொன்னார். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். கடிதமே போடவில்லை என்ற கோபத்தை நேரில் வரும்போது தீர்த்துக்கொள். இப்போது உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

இங்கே, கர்நாடகத்தின் இந்தத் திபெத்தியக் குடியிருப்பில், ஒரு மடத்து நூலகத்தின் பழைய திபெத்திய ஃபைல்களை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து எண் முறைக்கு, மாற்றுகிறேன் இல்லையா? எல்லாம் தொண்ணூறுகளில் துறவிகள் உட்கார்ந்து அடித்தவை. அந்தக் கால ஃபாண்டில், எண்ணுக்கு ஒரு வடிவமாக, 256 இடங்களுக்கு மேல் கிடையாது. திபெத்தியிலோ எழுத்தின் அடியில் எழுத்து, அதற்கும் அடியில் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அத்தனை அடுக்குகளும் ஒரு ஃபாண்டில் அடங்காததால் பல ஃபாண்டுகளில் பங்கு பிரித்து வைத்தார்கள். ஒரே எண் ஒரு ஃபாண்டில் ஒரு அடுக்கு, அடுத்த ஃபாண்டில் வேறு அடுக்கு. எந்த ஃபாண்ட் என்ற தகவல் இருந்தால் கன்வெர்ட்டர் மாற்றிவிடும். போன வாரம் வந்த ஃபைல்களில் பாதிக்கு அந்தத் தகவலே இல்லை. யாரோ வெறும் டெக்ஸ்டாகச் சேமித்துவிட்டார்கள். எண்கள் பத்திரமாக இருக்கின்றன, நூல் போய்விட்டது.

சிலவற்றுக்கு அச்சுப்பிரதியும் இல்லை. அன்று அடித்தவர்களில் ஒரு பெரியவர் இன்னும் இங்கே இருக்கிறார். திரையைப் பார்த்துவிட்டு, "எனக்கு மனப்பாடமான பகுதிகளைச் சொல்கிறேன், நீ அடி" என்றார். அடித்துக்கொண்டிருக்கிறேன். மனப்பாடம் இல்லாத பகுதிகளை என்ன செய்வது, மூர்த்தி?

இப்போது நம் பழைய சண்டைக்கு வருகிறேன். தமிழில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்று 2010-ல் டேஸ்16 என்ற தமிழ் எழுத்து எண் முறைக்காக நீ மேசையைத் தட்டினாயே, திபெத்தியில் அதே கோரிக்கை என்ன ஆயிற்று என்று கேள். யூனிகோடின் 1991 பதிப்பிலேயே திபெத்தி இருந்தது. அந்த முறை சரிப்படாமல் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். காலியான இடத்தில் பிறகு பர்மிய எழுத்து குடியேறியது. 1996-ல் திரும்ப வந்தபோது, மேலே நிற்கும் மெய்க்கு ஓர் எண், அதே மெய் அடியில் தொங்கும்போது வேறோர் எண் என்று வைத்தார்கள். இந்தப் பாகங்களை வைத்து எந்த அடுக்கையும் எழுதலாம். சீனா 2002-ல் 956 அடுக்குகளுக்குத் தனித்தனி எண் கேட்டது. கிடைக்கவில்லை. பிறகு தனிப்பயன் பகுதியில், அதாவது அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ள யூனிகோடு விட்டுவைத்த எண்களில், சொந்தப் பட்டியல் போட்டார்கள். 2006-ல் 1,536 எழுத்துகள். அதுவும் போதாமல் 2008-ல் இன்னொரு பட்டியல், ஐயாயிரத்துக்கும் மேல்! சமஸ்கிருத மந்திரங்களைத் திபெத்தியில் எழுதும்போது புதுப் புது அடுக்கு வந்துகொண்டே இருக்கும். பட்டியல் எங்கே போய் முடியும், சொல்.

தேடுவதையும் பார். ப், ஸ், க், ர், உ, ப், ஸ் என்று எழுதிவிட்டு 'டுப்' என்கிறார்கள். அகராதியில் அதைத் தேட வேண்டியது 'க' வரிசையில். முன்னால் நிற்கும் 'ப', தலைமேல் நிற்கும் 'ஸ' இரண்டையும் தாண்டித்தான் வேர் எழுத்தைப் பிடிக்க வேண்டும். பாகங்கள் தனித்தனியாக இருந்தால் நிரலுக்கு ஒரு வழி உண்டு. அடுக்கு முழுவதும் ஒரே எண்ணாக இருந்தால், எந்த எண்ணுக்குள் எந்த எழுத்துகள் என்று ஆயிரக்கணக்கில் அட்டவணை வேண்டும். அந்த அட்டவணை தொலைந்தால் அந்த நூலும் இந்த ஃபைல்கள் மாதிரிதான். தமிழில் 247 எழுத்தோடு நின்றுவிடும், ஆபத்தில்லை என்று நீ சொல்லுவாய். தெரியும். ஆனால் உன் டேஸ்16-உம் தனிப்பயன் பகுதியில்தானே இருக்கிறது? அங்கே வைத்தது எதுவும் அடுத்தவன் கணினியில் படிக்கக்கூடியது என்று யாரும் உறுதி தர முடியாதே, அதற்கு என்ன சொல்கிறாய்? கோபப்படாமல் யோசித்து எழுது.

அப்புறம், எழுத்துகளின் இணைவை எண்ணிப் பார்த்து ஃபைலின் ஃபாண்டைக் கண்டுபிடிக்க, டிஸ்கி, டாப் என்ற பழைய தமிழ் எழுத்து முறைகளுக்கு நீ ஒரு நிரல் எழுதினாயே, அது இன்னும் இருக்கிறதா? திபெத்தியில் அசைக்கு அசை புள்ளி வைப்பார்கள். செல்லாத அசைகளைத் தள்ளிக்கொண்டே வந்தால் பாதியாவது மீளும் என்று நினைக்கிறேன். பெரியவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. நிரலைத் தேடி உடனே அனுப்பு, குறிப்பு எதுவும் வேண்டாம், நீ எழுதிய நிரல் எனக்குப் புரியும்.

அன்புடன்,
சேகர்