பிள்ளையளை ஆனையிலை ஏத்தாதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறது. நானும் கொம்மாவும் நல்ல சுகம். உங்கள் எல்லாற்றை சுகத்துக்கும் நல்லூரானை வேண்டிக்கொள்ளுறம். கிணத்தடி வாழை குலை தள்ளியிருக்கு. நீங்கள் வாற நேரம் பழுக்கும்.

போன கிழமை நீ போனிலை அனுப்பின படம் பாத்தன். ஆனை முதுகிலை இரும்பு வாங்கு கட்டி, ரெண்டு சின்னனுகள் இருந்து சிரிக்குதுகள். "எங்கடை பிள்ளையளையும் ஒருக்கா இப்பிடி ஏத்தவேணும் அப்பா" எண்டு கீழை எழுதியிருந்தாய். போனிலை சொன்னால் "சரியப்பா" எண்டு வைச்சிடுவாய். அதாலைதான் இருந்து எழுதுறன். ஏத்தாதை, பிள்ளை.

1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாண இடப்பெயர்வு உனக்கு மறந்திருக்கும். அடுத்த வருசம் வீடு திரும்பினம். பனங்கூடலுக்கை காவோலை பொறுக்கப் போன இடத்திலை மிதிவெடி. உனக்கு அப்ப அஞ்சு வயது. அப்பாவின்ரை கால் எங்கை போச்சுதெண்டு ஒரு மாதமாய்க் கேட்டுக்கொண்டு திரிஞ்சாய். இதை ஏன் சொல்லுறனெண்டால், என்னைப்போலை கால் போன ஒருத்தியை நான் பாத்திருக்கிறன்.

2011இலை ஆசிரியர்மார் எல்லாரும் வான் பிடிச்சுப் பின்னவலைக்குப் போனம். தாயில்லாத ஆனைக்குட்டியளுக்கெண்டு 1975இலை தொடங்கின இடம் அது. மற்ற ஆனையள் மா ஓயா ஆத்துக்குக் குளிக்கப் போச்சுதுகள். கொம்மாவும் அதுகளுக்குப் பின்னாலை போயிட்டா. எனக்கு அந்த இறக்கம் ஏலாது, மேலையே நிண்டிட்டன். அங்கைதான் சாமா எண்ட ஆனையைக் கண்டன். அவவும் ஆத்துக்குப் போகேல்லை. முன்னங்கால் ஒண்டிலை பாதம் இல்லை. குட்டியிலை மிதிவெடியிலை போனது.

அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிண்டன். ஒரு அடி வைக்கிறதெண்டால் முதல் தலையைத் தூக்கி வீசவேணும். அந்த வீச்சிலை நல்ல கால் தாவி முன்னாலை விழும். பேந்துதான் பின்பக்கம் இழுபட்டு வரும். முதுகு ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. மற்ற ஆனையள் ஓலையை முன்னங்காலாலை மிதிச்சுப் பிடிச்சுக்கொண்டு தும்பிக்கையாலை கிழிக்கும். இவவுக்கு மிதிக்கிற காலும் நிக்கிற காலும் ஒண்டுதான். அதாலை ஓலையை வாய்க்கை குடுத்துக் கடிச்சுப் பிடிச்சு இழுத்தா. காலில்லாமல் ஒரு வேலையை வேறை விதமாய்ப் பழகுறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும் மகள். ஆனால் எனக்கு ஊண்டுகோல் இருந்தது, கொம்மா இருந்தா. அவவுக்கு உடம்பின்ரை பாரமே எதிரி. ஆனைக்கு முன்னங்கால்தான் கூடப் பாரம் தாங்குறது.

வீட்டை வந்த பிறகும் அது மனசை விட்டுப் போகேல்லை. தேடித் தேடி வாசிச்சன். தாய்லாந்திலை, லாம்பாங் எண்ட இடத்திலை ஆனையளுக்கெண்டே ஒரு ஆசுப்பத்திரி இருக்கு. மோஷா எண்ட குட்டி ஏழு மாதத்திலை மிதிவெடியிலை அம்பிட்டு 2006இலை அங்கை வந்தது. மனிசருக்குக் கால் செய்து குடுத்த தேர்ட்சாய் எண்ட டொக்டர்தான் அதுக்கும் கால் செய்தவர். உலகத்திலை பொய்க்கால் பூட்டின முதல் ஆனை அது. வளர வளரக் காலைப் புதுசாய் மாத்தவேணும். எனக்குக் கால் பூட்டின இடத்திலை சின்னப் பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் மாத்தினவை. அங்கையே மோட்டலா எண்ட பெரிய ஆனை 1999இலை காலை இழந்து, நிரந்தரக் கால் கிடைக்கப் பத்து வருசம் காத்திருந்தது.

இனி நீ அனுப்பின படத்துக்கு வாறன். ஒருக்கா, எந்த இடமெண்டு சொல்லேல்லை, மத்தியான வெயிலிலை தார் றோட்டிலை ஆனைச் சவாரி பாத்தனான். ஆனை நிண்ட இடத்திலையே காலை மாத்தி மாத்தித் தூக்கிக்கொண்டிருந்தது. பாகன்ரை கையிலை அங்குசம். ஆனையின்ரை காதுக்குப் பின்னாலை ஆறாத புண், அதிலை இலையான் மொய்ச்சது. ஆனையின்ரை முதுகெலும்பு மேல்பக்கம் கூராய் எழும்பி நிக்கிறது, பாரம் ஏத்துறதுக்கு ஏத்ததில்லை. ரெண்டு பேரையும் அதிலை ஏத்தினால் சிரிப்பினம்தான். அதுதான் எனக்குப் பயம்.

அதுக்குப் பதிலாய் உடவளவைக்குக் கூட்டிக்கொண்டு போவம். தூரம்தான், ரெண்டு நாள் செல்லும். 1995இலை வனசீவராசிகள் திணைக்களம் தொடங்கின குட்டி ஆனையள் இல்லம் அங்கை இருக்கு. கிணத்துக்கை விழுந்தது, சுருக்கிலை அம்பிட்டது, தாயைத் துவக்காலை பறிகுடுத்தது எல்லாம் அங்கைதான் வரும். மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பால். புனலிலை ஊத்தி, குழாயை வாயிலை வைப்பினம். குட்டியள் ஒண்டையொண்டு தள்ளிக்கொண்டு ஓடி வருங்கள். நாங்கள் தள்ளி, மேடையிலை நிண்டு பாக்கிறதுதான். தொட விடாயினம். "ஏன் அம்மம்மா தொடக்கூடாது?" எண்டு சின்னவள் கட்டாயம் கேப்பாள். மனிசரோடை பழகினால் காட்டிலை பிழைக்காது எண்டு நீயே சொல்லு. நாலைஞ்சு வயதிலை, கூட வளந்த சிநேகிதங்களோடை கூட்டமாய்க் காட்டுக்கை விடுவினம். 1998இலை இருந்து நூறுக்கு மேலை விட்டாச்சு. சிலது தானே குட்டி போட்டிருக்கு.

பெரியவனுக்கு ஆனையிறவையும் ஊர்காவற்றுறையையும் காட்டவேணும். வன்னியிலை பிடிச்ச ஆனையளைக் கடலேரி கடத்தி இங்கை கொண்டுவந்து, ஒல்லாந்தர் காலத்திலை இந்திய வியாபாரியளுக்கு வித்தவை. ஆனைப்பந்தியடியாலை நாளுக்கு ரெண்டுதரம் போறம். பந்தியெண்டால் ஆனை கட்டுற இடம். அந்தப் பேர் எங்கையிருந்து வந்ததெண்டு ஒருத்தரும் யோசிக்கிறதில்லை. எங்கடை ஊர் அதுகளை வித்துச் சாப்பிட்டது, மகள்.

உடவளவையாலை திரும்பி வரேக்கை பின்னவலையிலை ஒருக்கா இறங்குவம். சாமா நிண்ட அந்த இடத்தை எனக்குப் பிள்ளையளுக்குக் காட்டவேணும். இந்த முறையும் நான் மேலை நிப்பன், நீங்கள் ஆத்துக்குப் போய் வாங்கோ.

வரேக்கை பொய்க்காலுக்கை போடுற பருத்தி மேஸ் நாலு சோடி கொண்டுவா. இங்கை வாங்கினது வேர்வை உறிஞ்சுதில்லை, நடக்கேக்கை கொப்புளிக்குது.

அன்புடன்,
அப்பா