26-க்கு ஒரு தனிச்சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொள்ளைபோன கலைப்பொருட்கள் பிரான்சிலிருந்து நாடு திரும்பியதைச் சொல்லும் 'தஹோமே' ஆவணப்படம் பற்றிய உங்கள் கட்டுரையில் சட்டச் சிக்கலையும் விளக்கியிருக்கலாம். 1892-ல் தஹோமே அரசின் தலைநகரான அபோமேயின் அரண்மனைகளில் பிரெஞ்சுப் படை கொள்ளையடித்தவற்றில் 26 பொருட்கள் 2021 நவம்பரில்தான் அந்த அரசு இருந்த இன்றைய மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினுக்குத் திரும்பின. பிரெஞ்சு அரசு அருங்காட்சியகப் பொருளை எவருக்கும் கைமாற்ற அப்போதைய சட்டம் இடம் தரவில்லை. எனவே 2020 டிசம்பரில் இந்த 26-க்கும் செனகலுக்கு உரிய ஒரு வாளுக்கும் மட்டும் விலக்களித்துத் தனிச்சட்டம் இயற்றினார்கள். பட்டியலில் சேராத இரும்புக்கும் போருக்கும் உரிய கூ தெய்வத்தின் இரும்புச் சிலை பாரிஸிலேயே தங்கிவிட்டது. இது பெரும் அநீதி.

இன்னொன்று: மரச்சிலைகள் வந்து இறங்கியதும் பெட்டியைத் திறந்துவிடக் கூடாது. குளிரூட்டிய கூடத்தில் இருந்த மரம் பெனினின் கோட்டோனூ நகரக் கடற்கரை ஈரப்பதத்தை ஒரேயடியாக உறிஞ்சினால் உப்பி விரிசல் விடும், பூசிய வண்ணம் உதிரும். சில வாரங்கள் பழக்கிய பிறகே, 2022 பிப்ரவரியில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள்.