தெருத் துப்புரவு நூலில் விடுபட்ட பக்கங்களும் மொழிபெயர்ப்புப் பிழைகளும்: புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நகராட்சிச் சுகாதார ஆய்வாளர்,
மயிலாடுதுறை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாசகர் சேவைப் பிரிவு,
நூலை வெளியிட்ட பதிப்பகம், சென்னை.

பொருள்: முன்பதிவில் பெற்ற மூன்று பிரதிகளை மாற்றித் தரவும், பிழைதிருத்தம் வெளியிடவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கின் தெருத் துப்புரவு பற்றித் தாங்கள் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நூலை, பிரதி ஒன்றுக்கு 650 ரூபாய் வீதம் முன்பதிவுப் பணம் கட்டி, கடந்த மாதம் மூன்று பிரதிகள் பெற்றேன். ஒன்று எனக்கு, ஒன்று எங்கள் ஊர் நூலகத்துக்கு, மற்றொன்று என்னோடு பணியாற்றிய துப்புரவு மேற்பார்வையாளர் ஒருவரின் மகளுக்கு. மூன்றிலும் 97 முதல் 112 வரையுள்ள பக்கங்கள் இருமுறை வந்திருக்கின்றன. 113 முதல் 128 வரை இல்லவே இல்லை. ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கங்களாக மடித்த அச்சுத் தாள், இரட்டித்து, அடுத்த ஃபாரம் தைக்கப்படாமலே போயிருக்கிறது.

தொலைபேசியில் தெரிவித்தபோது, படித்துவிட்ட புத்தகத்தைத் திரும்பப் பெற இயலாது என்று தங்கள் ஊழியர் கூறினார். இல்லாத பதினாறு பக்கங்களை நான் எப்படிப் படித்திருக்க முடியும் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

விடுபட்டவை பனி அகற்றுதலைப் பற்றிய பக்கங்கள் என்பதுதான் என் பெரிய வருத்தம். நண்பர் ஒருவரிடமிருந்து ஆங்கில மூலத்தை வாங்கி அந்த அத்தியாயத்தைப் படித்தேன். குதிரை டிராம் நிறுவனங்கள் தங்கள் தண்டவாளம் தெளிந்தால் போதும் என்று பனியை இருபுறமும் ஒதுக்கித் தள்ள, அது நடைபாதையிலும் கடை வாசல்களிலும் குவிந்ததையும், உப்புத் தூவி உருக்கினால் சில்லிட்ட சேற்றில் நின்று குதிரைகளின் கால்கள் புண்ணாகின்றன என்று எதிர்ப்பு எழுந்ததையும், சறுக்குவண்டிக்காரர்களோ தெருவில் பனி கெட்டியாகப் படிந்து கிடக்கட்டும் என்றே விரும்பியதையும் அதில்தான் அறிந்தேன். மண்வெட்டியால் அள்ளி, வண்டியேற்றி, படகுத்துறைக்கு ஓட்டிப்போய் ஆற்றில் கொட்டுவதுதான் அன்றைய வழி. அந்த வேலைக்கு எத்தனை கைகள் வேண்டியிருக்கும் என்பது, மழைக்காலத்தில் சாக்கடை வண்டல் அள்ளவைத்த எனக்கு ஓரளவு புரியும். இந்த நூலை வாங்கியதே அதற்காகத்தான்.

இருக்கிற பக்கங்களிலும் நிம்மதி இல்லை. ஒரு படக்குறிப்பு, 1888 ஜனவரியில் நியூயார்க்கில் 21 அடி பனி பெய்ததாகச் சொல்கிறது. அந்தப் புயல் வந்தது மார்ச் மாதத்தில். நியூயார்க்கில் பெய்தது ஏறத்தாழ 21 அங்குலம். காற்று வாரிக் குவித்த சில இடங்களில் அது மாடி உயரத்துக்கு ஏறியது உண்மைதான் என்றாலும், குவிந்தது வேறு, பெய்தது வேறு. ஜனவரியில் வீசியது நெப்ராஸ்கா, டகோட்டா சமவெளிகளைத் தாக்கிய வேறொரு பனிப்புயல். 131ஆம் பக்கத்தில் "பனிமூட்டத்தை வண்டிகளில் ஏற்றினர்" என்று வருகிறது. மார்கழிக் காலையில் நாம் காண்பதையும், மண்வெட்டி கேட்கும் வெண்பனியையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் வாசகர் என்ன நினைப்பார்?

எல்லாவற்றிலும் பொறுக்க முடியாதது 142ஆம் பக்கம். 1895இல் துப்புரவுத் துறையின் ஆணையராக வந்த கர்னல் ஜார்ஜ் வாரிங், தொழிலாளர்களுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்தார். தங்கள் நூலோ அதை "வெள்ளை வாத்து இறகுகளால் ஆன உடை" என்கிறது. மூலத்தில் உள்ள 'டக்' என்பது கித்தான் போன்ற தடித்த பருத்தித் துணி. வாத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்களுக்கு வெண்சிறகுகள் என்ற பட்டப்பெயர் இருந்ததால் மொழிபெயர்ப்பாளர் தடுமாறியிருக்கலாம்; மெய்ப்புப் பார்த்தவருக்குமா தோன்றவில்லை? குதிரைச் சாணமும் அடுப்புச் சாம்பலும் குவிந்த தெருக்களில், அழுக்கை அள்ளுகிறவன் அழுக்காகத்தான் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தை உடைத்த உடை அது. அதை அணிந்து 1896இல் நகரத் தெருக்களில் அவர்கள் அணிவகுத்துச் சென்றார்கள். அவர்களை இறகு ஒட்டிய வேடக்காரர்களாக ஆக்கிவிட்டீர்கள். அந்த மேற்பார்வையாளரின் மகள் கையில் இந்தப் பக்கத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பின்னட்டையில், 1894இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை, ஐம்பது ஆண்டுகளில் தெருக்கள் ஒன்பது அடி சாணத்தில் புதையும் என்று எழுதியதாக அச்சிட்டிருக்கிறீர்கள். ஆங்கில மூலத்தில் இது இல்லை. அப்படியொரு செய்தி அந்தப் பத்திரிகையில் வந்ததற்கு ஆதாரமும் கிடையாது. பலகாலம் கைமாறிவந்த கதையை விற்பனைக்காக எடுத்து ஒட்டியிருப்பதாகவே கருதுகிறேன்.

எனவே, முழுமையான மூன்று பிரதிகளைத் தங்கள் செலவில் அனுப்பவும், இயலாவிடில் 1,950 ரூபாயைத் திருப்பித் தரவும் வேண்டுகிறேன். 142ஆம் பக்கத்துக்கும் படக்குறிப்புக்கும் பிழைதிருத்தத் தாள் அச்சிட்டு, இதுவரை வாங்கிய அனைவருக்கும் அனுப்ப வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். ரசீதின் நகலையும், இரட்டித்த பக்கங்களின் ஒளிப்படங்களையும் இணைத்துள்ளேன்.

நூலகத்துக்கான பிரதியை இன்னும் ஒப்படைக்கவில்லை. பதிவேட்டில் ஏறிவிட்டால் திரும்பப் பெறுவது சிரமம் என்பதால், மூன்றையும் தாங்கள் அனுப்பிய அதே பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நூலின் முன்பதிவு வாசகர்