ஞாயிறு பயிற்சி: டாக்டர் வரும்வரை நம் கையில்

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நம் கிளினிக்கிலேயே நாய், பூனைகளுக்கான அவசர சிகிச்சைப் பயிற்சி. வரவேற்பில் இருப்பவர்கள், உதவியாளர்கள், கூண்டு கழுவும் அண்ணன் உட்பட எல்லோரும் வாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவரை வாசலில் முதலில் பார்ப்பது நீங்கள்தான்.

மே மாதம் மதிய வெயிலில் வந்த பக் நாய் ஞாபகம் இருக்கிறதா? நாக்கு கருஞ்சிவப்பாகித் தொங்கியது. நாம் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டிருந்தோம். அது இன்னும் என் மனதை அறுக்கிறது.

இனி முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் சீட்டு, பணம் எல்லாம் அப்புறம். நேராக உள்ளே கொண்டுபோங்கள். ஹீட் ஸ்ட்ரோக் (வெயில் தாக்கி உடம்பு கொதிப்பது) என்றால் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி ஃபேனைத் திருப்புங்கள். உடம்புச் சூடு 103.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் உடம்பு ஒரேயடியாகக் குளிர்ந்துவிடும்.

நினைவிழந்து மூச்சும் நின்றால் உடனே நெஞ்சை அழுத்த வேண்டும். பக்கவாட்டில் படுக்கவைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போகும்படி. கை சோர்ந்துவிடும், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். பூனைக்கு ஒரு கையே போதும். எல்லோரும் பொம்மையில் செய்து பழகுவோம்.

1 மணிக்கு முடியும், சாப்பாடு உண்டு. வருபவர்கள் வெள்ளிக்குள் இங்கே சொல்லிவிடுங்கள்.