50 மணி சர்வீஸில் மாற்றியதாக பில் போட்ட ஹைட்ராலிக் ஃபில்டர், 212 மணி நேரம் ஓடிய பிறகும் பழையதே அதே இடத்தில்: புகார்

அனுப்புநர்: உங்கள் மினி டிராக்டர் வைத்திருக்கும் விவசாயி, கோபிசெட்டிபாளையம் வட்டம் (சேசிஸ் எண், பில், ஜாப் கார்டு நகல்கள் இணைப்பில்)

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, தலைமை அலுவலகம்

பொருள்: ஹைட்ராலிக் பம்ப் பழுது, வாரண்டி மறுப்பு, செய்யாத வேலைக்கு வாங்கிய பணம்

வணக்கம்.

இது என் நாலாவது புகார். முதல் மூன்றையும் போனில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஒரு டோக்கன் எண் கொடுத்தீர்கள், இரண்டு நாள் கழித்து "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. என்ன தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை, வண்டி கொட்டகையில் அப்படியேதான் நின்றது. அதனால் இந்தத் தடவை எழுத்தில் தருகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், முழுசாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

போன ஆனி மாதம் உங்கள் டீலரிடம் வண்டியை எடுத்தேன். எனக்கு இருப்பது தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் வயல், மேட்டில் மஞ்சளும் வாழையும். பெரிய வண்டி வாழைக்குள் நுழையாது என்பதால்தான் சின்ன வண்டி வாங்கினேன். இன்ஜின் 50 மணி நேரம் ஓடியதும் முதல் சர்வீஸுக்கு நானே ஓட்டிக்கொண்டு போய் விட்டேன், ஒரு நாள் முழுக்க அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பில்லில் இன்ஜின் ஆயில், இன்ஜின் ஆயில் ஃபில்டர், ஹைட்ராலிக் ஃபில்டர் எல்லாம் போட்டிருந்தது. பின்னால் மாட்டும் கருவியைத் தூக்கி இறக்கும் ஆயிலை வடிகட்டும் அந்த ஹைட்ராலிக் ஃபில்டருக்கு மட்டும் 850 ரூபாய். கொடுத்துவிட்டு வந்தேன்.

கார்த்திகையில் இரண்டாம் போகத்துக்குச் சேற்று உழவு ஓட்டும்போதுதான் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் எடுத்தவுடன் ரொட்டவேட்டரை (பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் கருவி) நன்றாகத் தூக்கும். பத்து, பதினொரு மணிக்கு ஆயில் சூடானதும் லிவரை முழுக்க இழுத்தாலும் பாதியில் நின்றுவிடும், ஆக்ஸிலேட்டரை ஏற்றினால் முக்கி முக்கித் தூக்கும். கூடவே சீட்டுக்கு அடியில் தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ரீங்காரம். சத்தத்தோடு இரண்டு நாள் ஓட்டினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் முறை முடிவதற்குள் வயலை மட்டம் செய்ய வேண்டியிருந்தது. அது என் தப்பு, அதற்கான கணக்கைக் கீழே கழித்துவிட்டேன்.

உங்கள் டீலர் அனுப்பிய மெக்கானிக் வந்தார். "ரொட்டவேட்டர் கனமாக இருக்குங்க" என்றார். அந்த ரொட்டவேட்டரை வண்டியோடு சேர்த்து விற்றதே அவர்கள் கடைதான். அப்புறம் டிராஃப்ட் லிவரை (உழவு ஆழத்தைச் சரிசெய்யும் கைப்பிடி) இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். தூக்கி நின்ற ரொட்டவேட்டருக்கு அடியில், கட்டைகூட முட்டுக் கொடுக்காமல் தலையை விட்டுப் பார்த்தார், எனக்கு நெஞ்சு அடைத்தது. லிஃப்ட் சரியில்லை என்று கூப்பிட்ட வண்டி அது! அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையா? கடைசியில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட்டு, "ஆயிலில் தண்ணி கலந்திருக்கு, நீங்கள் சேற்றில் ஆழமாக இறக்கிவிட்டீர்கள், வாரண்டி வராது" என்று சொல்லி, "தவறான பயன்பாடு" என்று ஜாப் கார்டில் (வேலைக் குறிப்புச் சீட்டு) எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஜாப் கார்டு நகல் இணைப்பில் இருக்கிறது. ஃபில்டரை அவர் தொடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர்ப் பட்டறைக்காரரிடம் கொடுத்தேன். வாரண்டியை நீங்கள் மறுத்ததற்குப் பின்னால் கொடுத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு "வெளியில் பிரித்துவிட்டீர்கள்" என்று சொல்ல முடியாது.

அவர் முதலில் ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கினார், இன்ஜினை அணைத்தார், லிவரை நாலு தடவை மேலும் கீழும் ஆட்டி உள்ளே இருந்த அழுத்தத்தை விட்டார். அப்புறம்தான் ஸ்பேனரையே எடுத்தார். டிப்ஸ்டிக் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. என் வீட்டுத் தோசைக்கல்லைச் சூடாக்கச் சொல்லி அதில் இரண்டு சொட்டு விட்டார், கடுகு தாளித்த மாதிரி சடசடவென்று வெடித்தது. தண்ணீர் இருப்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. (தோசைக்கல்லுக்காக வீட்டில் வாங்கிய திட்டுக்கு நஷ்ட ஈடு கேட்கவில்லை.)

ஆனால் அந்தத் தண்ணீர் எப்படி வந்தது? நான் ஓட்டிய சேறு பின்சக்கரத்தில் பாதிகூட ஏறவில்லை. ஆயில் தொட்டிக்குக் காற்று போய்வரும் மூச்சுத் துளை சீட்டுப் பக்கம் மேலே இருக்கிறது. 50 மணி சர்வீஸ் அன்று உங்கள் டீலர் கடைப் பையன் பிரஷர் பம்பை வைத்து சீட்டுக்கு அடியிலும் கியர் லிவர் அடியிலும் பக்கத்தில் நின்று தண்ணீர் அடித்ததை நான் பெஞ்சிலிருந்து பார்த்தேன். பட்டறையில் பார்த்தபோது கியர் லிவரின் ரப்பர் மூடி ஒரு பக்கம் பள்ளத்திலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வழியாகத்தான் இறங்கியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், வயலிலும் தெறித்திருக்கலாம். சரி, தண்ணீரை விட்டுவிடுவோம். சத்தியம் செய்யக்கூடிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது.

ஃபில்டரைக் கழற்றப் போன பட்டறைக்காரர் கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இதைப் போட்டோ எடுத்துக்குங்க அண்ணா" என்றார். ஃபில்டர் உட்காரும் இடத்தில், டப்பாவுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய இணைப்பின் மேல், தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் ஒரே படலமாக ஓடியிருந்தது. ஒரு கீறல் இல்லை. திருகிக் கழற்றும்போதுதான் அது முதல் தடவையாக உடைந்து செதில் செதிலாக உதிர்ந்தது. கழற்றுவதற்கு முன்பு, கழற்றும்போது, கழற்றிய பின்பு என்று மூன்று படமும் ஒரு வீடியோவும் இணைத்திருக்கிறேன், மணி மீட்டர் 212 காட்டுவதும் அதில் தெரியும். 50 மணியில் மாற்றிய ஃபில்டர் மேல் தொழிற்சாலை பெயின்ட் எப்படி வரும்? இதற்கு மட்டுமாவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

இதை டீலரிடம் காட்டினேன். முதலில் "மாற்றியாச்சு" என்றார். பெயின்ட்டைக் காட்டியதும் "கழுவிப் போட்டிருப்பாங்க" என்றார். கழுவிப் போடுவது உள்ளே இருக்கும் கம்பி வலை. இது மூடிய டப்பாவில் காகித மடிப்பு வைத்த ஃபில்டர், இதை யாரும் கழுவ முடியாது. அதுவும் கழற்றாமலே கழுவினார்களாம்.

ஃபில்டரை வாள் வைத்து அறுத்துப் பார்த்தோம். மடிப்பு முழுக்கச் சாம்பல் நிறச் சகதி, அதில் வெயில் பட்டபோது ஜிகினாப் பொடி போல இரும்புத் தூள் மின்னியது. உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். இந்த வண்டியில் கியர் பாக்ஸ், பிரேக், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே தொட்டியில் ஒரே ஆயில். புது வண்டியில் கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது தேயும் இரும்புத் தூள் முதல் சில மணி நேரத்திலேயே ஆயிலில் கலக்கிறது, அதைப் பிடித்து வைக்கத்தான் ஃபில்டர், அது சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால்தான் உங்கள் கையேட்டில் 50 மணியிலேயே மாற்றச் சொல்லி, அடுத்ததை 250க்குத் தள்ளியிருக்கிறீர்கள். என் வண்டியில் ஃபில்டர் பம்ப் ஆயிலை உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. அது அடைத்தால் பம்புக்கு வேண்டிய ஆயில் வராது, பாதி காற்றை இழுத்துக்கொண்டு சுற்றும். குளவிச் சத்தம் அதுதான். பம்பைப் பிரித்தபோது உள் சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. அப்படித் தேய்ந்த பம்பில் ஆயில் சூடாகி இளகினால் அழுத்தம் நிற்குமா? காலையில் தூக்கி மதியம் தூக்காததற்குக் காரணம் இவ்வளவுதான். தண்ணீர் பட்டுக் காகிதம் ஊறி நிலைமை மோசமாகியிருக்கலாம். ஆனால் 162 மணி நேரத்துக்கு முன்பே குப்பைக்குப் போயிருக்க வேண்டிய ஃபில்டர் அது.

இன்னொன்று. சேற்றில் ஓட்டியதைத் தவறான பயன்பாடு என்கிறீர்கள். உங்கள் விளம்பர நோட்டீஸில் இந்த வண்டி சேறு தெறிக்க வயலில் நிற்கும் படம்தான் முதல் பக்கத்தில் இருக்கிறது, அதையும் ஸ்கேன் செய்து இணைத்துள்ளேன். சேற்று உழவுக்குப் பிறகு ஆயில் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி இருப்பதை என் மகள் ஆங்கிலத்தில் படித்துச் சொன்னாள். கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கிறது. கோபியில் வண்டி விற்கிறவர்கள் அந்த ஒரு வரியைத் தமிழில் ஸ்டிக்கராக அடித்து மட்காடில் ஒட்டியிருந்தால் ஐந்து ரூபாய் ஆகியிருக்குமா?

கணக்கு: பம்ப் 11,400, ஆயில் 16 லிட்டர் 4,900, புது ஃபில்டர் 850, சீல் செட்டும் கூலியும் 3,000. ஆக 20,150 ரூபாய். வண்டி நின்ற நாட்களில் 11 மணி நேரம் வாடகை வண்டி வைத்து ஓட்டினேன், மணிக்கு 1,200. சத்தத்தோடு ஓட்டியது என் தப்பு என்று சொன்னேன் அல்லவா, அதற்காக 4 மணி நேரத்தைக் கழித்து 7 மணி நேரத்துக்கு மட்டும் 8,400 கேட்கிறேன். மாற்றாத ஃபில்டருக்கு வாங்கிய 850. மொத்தம் 29,400 ரூபாய். எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது, வாடகை வண்டிக்காரர் கையெழுத்துப் போட்ட சீட்டு உட்பட.

பணத்தோடு இரண்டு விஷயம் வேண்டும். ஜாப் கார்டில் எழுதிய "தவறான பயன்பாடு" என்ற குறிப்பை நீக்கி, மீதி வாரண்டி தொடரும் என்று எழுத்தில் தர வேண்டும். அதே கடையில் அதே மாதம் முதல் சர்வீஸ் விட்ட மற்ற வண்டிகளையும் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தே பக்கத்து ஊரில் இன்னொரு வண்டி இருக்கிறது, அதன் ஃபில்டர் இணைப்பிலும் பெயின்ட் உடையாமல் இருக்கிறது. அவரை நான் இதில் இழுக்கவில்லை, நீங்களே போய்ப் பாருங்கள்.

15 நாள் பார்ப்பேன். பதில் வரவில்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. தொழிலுக்கு வாங்கிய வண்டி, நுகர்வோர் ஆக மாட்டீர்கள் என்று உங்கள் ஆள் போனில் சொன்னார். சொந்தப் பிழைப்புக்காக வாங்கித் தானே உழைத்து ஓட்டுகிறவனும் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது, அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

பழைய பம்பும், அறுத்த ஃபில்டரும், உதிர்ந்த பெயின்ட் செதிலும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டு அட்டாலியில் வைத்திருக்கிறேன். டீலரிடம் கொடுக்க மாட்டேன். கம்பெனி இன்ஜினியர் யாராவது வந்தால் காட்டுகிறேன், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், பகலில் மஞ்சள் காட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியின் உரிமையாளர்