மூன்றாவது நாள் கூப்பிடு

அன்புள்ள தம்பிக்கு,

“அப்பா, சிகரெட் இல்லன்னா எனக்கு மூளையே ஓடாது” என்று அன்றைக்கு வாசலில் நின்று சொன்னாய். அம்மா உள்ளே இருந்ததால் நான் பேச்சை வளர்க்கவில்லை. நீ சாக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். 26 வருடம் நானும் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்த காலம் அது. விடியற்காலை 2 மணிக்கு 15 நிமிடம் ஓய்வு. பின்கேட் பக்கம் ஒரு பெரிய மைலோ டின்னில் மணல் போட்டு வைத்திருப்போம். அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்போம். முதல் இழுப்பு உள்ளே போனதுமே தோள் தளரும். திரும்பி வந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் ஒவ்வொரு கம்பியும் பளிச்சென்று தெரியும். இது இல்லாமல் விடியும்வரை தாக்குப்பிடிக்கவே முடியாது என்றுதான் தோன்றும்.

அப்புறம், புகைப்பதை நிறுத்த அரசாங்கக் கிளினிக்குக்குப் போனபோது, மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த பெண் ஒரு மாத்திரை உறையின் பின்பக்கத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினார். புகையை இழுத்து 10 முதல் 20 வினாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே அசிட்டைல்கோலின் என்று நம் உடம்பே சுரக்கும் ஒரு பொருள் உண்டு. விழிப்பு, கவனம், ஞாபகம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. அது உட்கார வேண்டிய இருக்கைகளில் நிக்கோட்டின் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. உடனே சுகம் தரும் டோபமின் என்ற பொருள் மூளையில் சுரக்கிறது. அந்த ‘அப்பாடா’ அதில் வருவதுதான்.

தினமும் இப்படியே நடந்தால் அந்த இருக்கைகள் மரத்துப்போகும். மூளை இன்னும் அதிக இருக்கைகளைப் போட்டுக்கொள்ளும். ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டினோ ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இருக்கைகள் காலியாகக் காலியாக எரிச்சல் வரும், பதற்றம் வரும், எதிலும் மனம் நிற்காது. அந்த நேரத்தில் ஒன்று பற்றவைத்தால் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். ஆலோங்கிடம், அதாவது கந்துவட்டிக்காரனிடம், கடன் வாங்கி, அவனுக்கே வட்டி கட்டிவிட்டு, இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைப்பது போலத்தான், தம்பி. பின்கேட்டில் எனக்குத் தெளிந்த கண், அதற்கு முந்தின சிகரெட் மங்க வைத்த கண்.

உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. நிக்கோட்டின் கவனத்தைக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மைதான். புகைக்காதவர்களிடமே அதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் தினமும் புகைக்கிறவனுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி, இழந்ததைத் திரும்பப் பெறுவதுதான்.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது தைப்பூசத்துக்கு நான் காவடி எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? 48 நாள் விரதத்தில் ஒரு சிகரெட்கூட நான் தொடவில்லை. தண்ணீர்மலை ஏறி, காவடியை இறக்கிவிட்டு, கால் நடுங்கப் படியிறங்கி வந்தேன். கீழே கூட்டாளி ஒருவன் லைட்டரைத் தட்டினான். ‘டிக்’ என்ற அந்தச் சத்தம்தான், வேறொன்றும் இல்லை. வாயில் எச்சில் ஊறியது. விபூதி கலையாத நெற்றியோடு அங்கேயே நின்று பற்றவைத்தேன். என் பக்தியில்தான் குறை என்று வருடக்கணக்கில் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கூடுதல் இருக்கைகள் குறைந்து பழைய நிலைக்கு வர 6 முதல் 12 வாரம் ஆகும் என்று மூளையைப் படம் பிடித்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 48 நாளில் என் உடம்பு பாதி தூரத்துக்கு மேல் வந்திருக்கும். ஆனால் டோபமின் வெறும் சுகத்தை மட்டும் தருவதில்லை. எந்தச் சத்தத்துக்குப் பிறகு, எந்த வாசனைக்குப் பிறகு அந்தச் சுகம் வந்தது என்பதையும் மூளையில் பதித்துவிடுகிறது. அந்தப் பதிவு அவ்வளவு சீக்கிரம் அழியாது. அதனால் நீ நிறுத்தும்போது லைட்டர், மேசை டிராயர், ஆபீஸ் மாடிப்படி மூன்றையும் மாற்று.

வேப்புக்கு, அதுதான் அந்த மின்சிகரெட்டுக்கு, மாறிக்கொள்கிறேன் என்று சொன்னாய். அதிலும் நிக்கோட்டின் இருந்தால் இருக்கைக் கணக்கு அதேதான்.

மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும், போன வருடம் முழுக்க நீ சோர்ந்திருந்தாயே. மூளையில் எம்.ஏ.ஓ. என்று ஒரு நொதி டோபமினை உடைத்துத் தள்ளும். புகைப்பவர்களின் மூளையில் அதன் ஒரு வகை சுமார் 40 சதவீதம் குறைவாக இருப்பதை 1996-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கண்டார்கள். அதைச் செய்வது நிக்கோட்டின் அல்ல, புகையில் உள்ள வேறு பொருள்கள். மனச்சோர்வுக்கான பழைய மருந்துகள் சில இதே நொதியைத்தான் தடுத்தன. புகையை நிறுத்தினால் அந்த நொதி மறுபடி கூடி டோபமினை உடைக்கும். அதனால் நிறுத்தின முதல் சில வாரம் எல்லாம் உப்புச்சப்பில்லாமல் இருக்கும். அதைப் பார்த்து, சிகரெட்தான் உன்னைத் தாங்கிப் பிடித்தது என்று நினைத்துவிடாதே. நிறுத்தினவர்களையும் தொடர்ந்து புகைத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2014-இல் தொகுத்துப் பார்த்தார்கள். நிறுத்தினவர்களுக்குத்தான் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. அதற்குப் பிறகும் சோர்வு விடவில்லை என்றால் டாக்டரிடம் போ, நானும் கூட வருகிறேன்.

யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லாத விஷயம் கோப்பி. நிறுத்தின முதல் வாரம் எனக்குக் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, தூக்கமே இல்லை. சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்து, கடை வாசல்வரை போய்விட்டேன். கிளினிக்கில் மருந்து கொடுத்த அந்தப் பெண்தான், “அங்கள், ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி?” என்று கேட்டார். பால் இல்லாத கோப்பி ஓ நான்கு, அதுவும் கெட்டியாக. புகையில் உள்ள தார் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுமாம். அது காஃபீனைச் சீக்கிரம் அழிக்கும். புகையை நிறுத்தினால் சில நாளிலேயே அந்த வேகம் அடங்கிவிடும். குடிக்கும் அளவு அப்படியே இருந்தாலும் ரத்தத்தில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறும். இரண்டாகக் குறைத்தேன், நடுக்கம் நின்றது. நீ என்னைவிட அதிகம் குடிக்கிறவன். நிறுத்துகிற அன்றைக்கே பாதியாக்கு.

கோலாலம்பூரிலும் அரசாங்கக் கிளினிக்குகளில் புகை நிறுத்தும் பிரிவு இருக்கிறது. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோ, மெல்லும் கம்மோ, மாத்திரையோ எது உனக்குச் சரி என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதே. நான் அப்படி இரண்டு தடவை நின்று தோற்றவன்.

இரண்டாவது, மூன்றாவது நாள்தான் கடுமையாக இருக்கும். எத்தனை மணியானாலும் எனக்குப் போன் போடு. ஷிப்ட் பழக்கம் இன்னும் போகவில்லை, விடியற்காலை 2 மணிக்கு நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அப்பா
ஜெலுத்தோங், பினாங்கு