செர்விகல் என்றால் எந்தக் கழுத்து?

ஆசிரியருக்கு,

சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில் 'செர்விகல்' என்ற சொல் கழுத்து வலி பற்றிய பதிலிலும் வருகிறது, பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய பெட்டிச் செய்தியிலும் வருகிறது. இரண்டிலும் விளக்கம் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'செர்விகல் ஸ்பாண்டிலோசிஸ்' என்று பார்த்ததுமே புற்றுநோயோ என்று கலங்குகிறவர்கள் உண்டு. அது கழுத்தெலும்புத் தேய்மானம், அவ்வளவுதான்.

லத்தீனில் செர்விக்ஸ் என்றால் கழுத்து. குடத்துக்கும் பாட்டிலுக்கும் நாம் கழுத்து சொல்வதுபோல, கருப்பையின் அடியில் குறுகி நிற்கும் சுமார் 3 செ.மீ. பகுதிக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். தமிழில் அது 'கருப்பை வாய்' என்று நிலைத்துவிட்டது. கறாராகப் பார்த்தால் வாய் என்பது அதன் துளை மட்டும்தான். ஆனாலும் குழப்பாத பெயர், அதையே அச்சிடுங்கள். பல் மருத்துவர் செர்விகல் என்றால் பல்லின் ஈறோரப் பகுதியைச் சொல்கிறார்; பிரஷ்ஷை அழுத்தித் தேய்ப்பவர்களுக்குக் குழி விழும் இடம்.

முதுகெலும்பில் செர்விகல் என்பது மேலிருந்து 7 எலும்புகள். தலையைக் குனிந்து பிடரியின் அடியில் விரலை வைத்தால் புடைத்துத் தட்டுப்படுவது பெரும்பாலும் 7ஆவது. சிலருக்கு இரண்டு மேடு தெரியும். இரண்டிலும் விரல் வைத்தபடி தலையை மெல்லப் பின்னுக்குச் சாய்த்தால், விரலடியிலிருந்து உள்ளே நழுவுவது 6, அப்படியே நிற்பது 7.

அதே பக்கத்தில் 'சி7 நரம்பு (கழுத்தின் 7ஆவது நரம்பு) 7ஆவது எலும்புக்குக் கீழே வருகிறது' என்ற வரியும் தவறு. கழுத்தில் எலும்பு 7, நரம்பு 8 ஜோடி. முதல் ஏழும் தத்தம் எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளிவருகின்றன. 8ஆவதுதான் 7ஆவது எலும்புக்குக் கீழே. ஆகவே 6க்கும் 7க்கும் நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கினால் பெரும்பாலும் அழுந்துவது 7ஆவது நரம்பு, நடுவிரல் மரத்துப்போகும். 5-6 என்றால் கட்டைவிரல் பக்கம். நோயாளி எந்த விரலைக் காட்டுகிறார் என்பதை வைத்தே பாதி ஊகித்துவிடலாம்.

தமிழ்ச் சொல்லிலும் ஒரு சறுக்கல். படத்துக்குக் கீழே 'பிடரியில் தைராய்டு கட்டி' என்று போட்டிருக்கிறீர்கள். குதிகால் பிடரியில் அடிக்க ஓடினான் என்கிறோமே, அந்தப் பிடரி பின்கழுத்து. முன்கழுத்துக்கு மிடறு என்ற சொல் இருந்தது. புறநானூற்றில் 'நீலமணி மிடற்று ஒருவன்' என்று சிவனைச் சொல்கிறார் ஔவை. இன்று அது 'ஒரு மிடறு தண்ணீர்' என்ற அளவில்தான் புழங்குகிறது. தைராய்டு இருப்பது குரல்வளைக்குச் சற்றுக் கீழே, முன்பக்கம். 'முன்கழுத்தில்' என்று அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

- இயன்முறை மருத்துவர், திருச்சி